மரு ஏன் வருகிறது, எப்படிப் போகிறது?

வைத்தீஸ்வரன்கோயிலில் உப்பும் மிளகும் போட்டோம், மரு உதிர்ந்துவிட்டது என்பார்கள். அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவியதும் போய்விட்டது என்பார்கள். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மரு உண்மையிலேயே உதிர்ந்திருக்கும். எதனால் உதிர்ந்தது என்பதுதான் கேள்வி.

மருவுக்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. 1907-இல் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சுஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். பின்னர் அதே இடத்தில் மரு முளைத்தது. எச்பிவியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை, கால் மருக்களுக்குப் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகியவை காரணம். கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள 16, 18 வேறு வகைகள். எனவே விரலில் மரு வந்தவர்கள் புற்றுநோயை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இந்த வைரஸ் நம் தோலில் பிழைக்கும் விதம்தான் வியப்பு. நகம் கடித்த இடம், சவரக் கீறல், ஈரத்தில் ஊறிய குதிகால் என்று கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று போதும். அதன் வழியே மேல்தோலின் அடிவரிசைச் செல்லுக்குள் நுழைந்து, அங்கே சத்தமில்லாமல் இருக்கும். தோல் செல்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலேறி, செத்து உதிர்பவை. வைரஸும் கூடவே ஏறி, எப்படியும் சாகப்போகிற மேலடுக்குச் செல்களுக்குள் வந்த பிறகுதான் பெருமளவில் பெருகுகிறது. செல்லை வெடிக்க வைக்காது, இரத்தத்தில் கலக்காது. அதனால் வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவலும் போவதில்லை. உதிரும் தோலோடு அது அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். தொற்றிய பிறகு மரு தலைகாட்ட பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால், எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிப்பது கடினம்.

மருவைக் கூர்ந்து பாருங்கள். கைரேகைக் கோடுகள் அதன் விளிம்பில் நின்றுவிடும். மேலே சொரசொரப்பைத் தேய்த்து எடுத்தால் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை வேர் அல்ல, இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மருவுக்கு வேரே கிடையாது. கால் ஆணியில் ரேகை தொடர்ந்து ஓடும், நேராக அழுத்தினால் வலிக்கும். பாத மருவோ பக்கவாட்டில் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும்.

என்றாவது ஒருநாள் உடம்பு விழித்துக்கொள்கிறது. குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டிலும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டாண்டிலும் மரு தானாகவே மறைகிறது. அதற்கு முன் கடைசியாக எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மரு கொத்துக்கொத்தாக வருவதும் இதே கதையின் மறுபக்கம்.

இந்த வைரஸையே நேராகக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே வைத்தியமெல்லாம் மருவைக் கரைப்பது, அல்லது உடம்பை உசுப்புவது. கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலம் இரண்டையும் ஓரளவு செய்யும். இரவில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மேல்தோலைக் கல்லால் தேய்த்து நீக்கி, சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் மருந்தை வையுங்கள். பன்னிரண்டு வாரம்வரை பொறுமை வேண்டும். பத்து நாளில் கைவிடுவதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. தேய்த்த கல்லை வேறு இடத்தில் பயன்படுத்தாதீர்கள். தோல் மருத்துவர்கள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசி மருந்தை ஒரு மருவுக்குள் செலுத்தும் முறையும் உண்டு. அதில் ஊசி போடாத மற்ற மருக்களும் சிலருக்குச் சேர்ந்தே உதிர்கின்றன. எதிர்ப்பு மண்டலம் எதிரியை அடையாளம் கண்டுகொண்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

முடியால் இறுக்கிக் கட்டினால் விழுவது கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்கும் சதை. அதையும் மரு என்றே சொல்கிறோம், ஆனால் அது வைரஸால் வருவதல்ல. அது நிறைய இருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு வைப்பது வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

சர்க்கரை நோயாளிகள் காலில் வந்த மருவுக்குத் தாங்களே அமிலம் வைக்கக் கூடாது. முகத்திலும் பிறப்புறுப்பிலும் வந்தாலும், இரத்தம் கசிந்தாலும், வயதான பிறகு புதிதாக ஒன்று முளைத்து வேகமாக வளர்ந்தாலும் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.