இடம்பெயர்வா, இடம்பெயர்ப்பா?

தஞ்சாவூரில் எனக்குப் பழக்கமான ஓர் அலுவலகத்தில் அறிவிப்பு ஒன்றை ஒட்டியிருந்தார்கள்: "நமது மெய்நிகர் மேசைகள் சனிக்கிழமை இரவு மேகத்துக்கு இடம்பெயர்கின்றன." கணக்குப் பிரிவில் ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "தம்பி, மேசையைத் தூக்க வண்டி எப்போது வருகிறது? டிராயரில் என் மாத்திரை இருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் குற்றம் அவருடையதல்ல, வாக்கியத்தினுடையது. அது சொல்ல வந்தது மரமேசையை அல்ல; சர்வரில், அதாவது பலருக்கும் பொதுவான ஒரு கணினியில், ஓடி ஊழியரின் திரையில் தெரியும் டெஸ்க்டாப்பை.

முதலில் மேசை. அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து நம் வீட்டுப் பொருளாகிவிட்ட சொல். 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி திரையையே மேசைப் பரப்பாகக் காட்டி, அதன்மேல் கோப்புகளையும் உறைகளையும் வரைந்து வைத்தது. டெஸ்க்டாப் என்ற உவமை பரவிய வழி அது. இன்று அந்தச் சொல் குறிப்பது ஊழியர் வேலை செய்யும் சூழல் முழுவதையும். பணித்திரை என்றால் பெரியவருக்கும் விளங்கும்.

மெய்நிகர் என்பதில் எனக்குக் குறையே இல்லை. விர்ச்சுவல் என்பதன் வேர் ஆற்றலைக் குறிக்கும் லத்தீன் சொல். 'உருவில் இல்லாவிட்டாலும் பயனில் உண்டு' என்ற பொருள் பின்னாளில் அதன்மேல் ஏறியது. தமிழில் மெய் என்றால் உண்மை, உடல் இரண்டும்தான். உடல் இல்லை, ஆனால் உண்மைக்கு நிகர் என்பதை ஐந்து எழுத்துக்குள் அடக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். சிலர் 'மாய' என்று எழுதுகிறார்கள். அந்தத் திரையில் போடும் சம்பளக் கணக்கு மாயமாகிவிட்டால் தெரியும்!

மேகத்தைப் பற்றி டெல்டாக்காரனிடம் சொல்லவே வேண்டாம். குறுவைக்கு நாங்கள் வானத்தைவிட மேட்டூரைத்தான் பார்க்கிறோம். சொந்தக் கட்டடத்தில் சர்வர் வைத்திருப்பது பம்புசெட் வைத்திருப்பதைப் போன்றது. மோட்டார் கெட்டால் நாம்தான் ஆள் தேட வேண்டும். மேகக் கணிமை என்பது தொலைவிலுள்ள அணையிலிருந்து தண்ணீர் வாங்குவது. அந்த 'மேகம்' இருப்பதும் தரையில்தான். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூர் 2015 முதல் சென்னை, புணே, மும்பை பகுதிகளில் இயங்குகிறது. வாய்க்காலில், அதாவது இணைய இணைப்பில், அடைப்பு விழுந்தால் கடைமடை காய்வது மட்டும் இரண்டுக்கும் பொது.

இனி வம்புக்கார வினைக்கு வருவோம். ஆங்கிலத்தில் பறவைக்கும் கணினிக்கும் மைக்ரேட் என்ற ஒரே வினை போதும். பறவை தானாகப் போகிறது. கணினியை ஆள்தான் கொண்டுபோக வேண்டும். தமிழ் இந்த இரண்டையும் கலக்க விடாது. சேர்ந்தான், சேர்த்தான்; வளர்ந்தது, வளர்த்தான்; அதேபோலப் பெயர்ந்தது, பெயர்த்தான். குறுந்தொகை பேசும் 'மொழிபெயர் தேஎம்', மொழி தானே மாறிப்போகும் நாடு. தொல்காப்பிய மரபியல் 'மொழிபெயர்த்து' என்னும்போது அங்கே பெயர்ப்பவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே மக்கள் பிழைப்புத் தேடிப் போவது இடம்பெயர்வு. கணினிகளை நாம் மாற்றி வைப்பது இடம்பெயர்ப்பு. இடம்பெயர்வு என்று எழுதினால் செய்தவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். கோளாறு வந்தால் அது வசதிதான்.

வலசை என்று எழுதுவோரும் உண்டு. அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. கோடியக்கரைக்கு வரும் பூநாரை பருவம் முடிந்ததும் திரும்பிப் போகும். பழைய சர்வரை அணைத்த பிறகு எந்தப் பணித்திரையும் திரும்பாது.

வயல்காரரைக் கேட்டால் 'பறித்து நடுவது' என்பார். அதுதான் உண்மைக்கு மிக அருகில் வருகிறது, ஓரிடத்தைத் தவிர. நாற்றங்காலில் பறித்த நாற்றின் வேர்மண்ணை அலசிவிட்டுத்தான் முடி கட்டுவார்கள். நடவு வயலிலும் அதே சேறு என்பதால் பாதகமில்லை. கணினியில் அந்த மண்தான் சிக்கல். எல்லாப் பணித்திரைகளும் ஒரு மூலப்படிமத்திலிருந்து, அதாவது மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கிய ஒரே மாதிரி நகலிலிருந்து, முளைப்பவை. ஒவ்வொருவரின் அமைப்புகளும் கோப்புகளும் தனியாகப் பொதியப்பட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. திங்கள் காலை பெரியவர் ஒரு பழைய கடிதத்தைத் திறந்தார். தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளும் நின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்த கடிதம் அது. அந்த எழுத்துரு பழைய படிமத்தில் இருந்தது. புதியதில் யாரும் போடவில்லை. குத்தகைக் கடிதங்கள் மொத்தமும் அப்படித்தான் இருந்தன. எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் படிமத்தில் சேர்ப்பதற்குள் புதன்கிழமையாகிவிட்டது.

அடுத்த மாதம் கும்பகோணம் கிளையின் முறை. அறிவிப்பை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள்:

"உங்கள் பணித்திரைகளைச் சனிக்கிழமை இரவு சென்னையிலுள்ள கணினிகளுக்கு மாற்றுகிறோம். பழைய எழுத்துருவில் கடிதம் வைத்திருப்போர் வெள்ளிக்குள் சொல்லவும். மேசைகள் இங்கேயே இருக்கும்."