கிளாடியேட்டர்: வாள்வீரரா, பொருநரா?

கல்யாண மேடை அலங்காரத்தில் அந்தப் பூவைப் பார்த்திருப்பீர்கள். நீளமான ஒற்றைத் தண்டு, அதில் கீழிருந்து மேலே வரிசையாக விரியும் பூக்கள். பூக்கடையில் கிளாடியோலஸ் என்பார்கள். ஒரு நிமிடம் பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். விளிம்பு இரண்டும் நேராக ஓடி, நுனியில் கூராக முடியும். இலத்தீனில் கிளாடியுஸ் என்றால் வாள், கிளாடியோலுஸ் என்றால் குட்டி வாள். இலைக்காக வைத்த பெயர் செடிக்கே நின்றுவிட்டது.

அதே வாளிலிருந்து பிறந்ததுதான் கிளாடியேட்டர் என்ற சொல்லும். இலத்தீனில் கிளாடியாத்தோர், வாள் கொண்டு போரிடுபவர். தமிழில் நாம் எழுதும் வடிவம் ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. கிளாடியுஸ் என்ற சொல்லே ரோமர்கள் கெல்ட்டு மக்களிடமிருந்து பெற்றது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. வெல்ஷ் மொழியிலும் பழைய ஐரிஷ் மொழியிலும் வாளைக் குறிக்கும் சொற்கள் இதற்கு நெருங்கிய உறவு.

சரி, வாள் ஏந்தியவர் என்றால் வாள்வீரர் என்று எழுதிவிட்டுப் போகலாமே? பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனம் நிறைவதில்லை. அந்தச் சொல்லைப் படித்ததும் படையில் நின்று நாட்டுக்காகப் போரிட்ட ஒருவர்தான் கண்முன் வருகிறார். கிளாடியேட்டர் அப்படிப்பட்டவர் இல்லை. அதோடு, வாளே இல்லாத கிளாடியேட்டர்களும் இருந்தார்கள்.

ரேத்தியாரியுஸ் என்று ஒரு வகை. கையில் எறிவலை, மூன்று முனைச் சூலம், கூடவே ஒரு சின்னக் குத்துக்கத்தி. தலைக்கவசம் கிடையாது, கேடயம் கிடையாது. இடது தோளில் மட்டும் ஓர் உலோகத் தகடு. சங்கப் பாட்டில் மீனவரைக் குறிக்கும் வலைஞர் என்ற சொல் இவருக்கு அப்படியே பொருந்தும். இவருக்கு எதிரே பெரும்பாலும் செகூத்தோர் என்பவரை இறக்குவார்கள். துரத்துபவர் என்று அர்த்தம். அவருடைய தலைக்கவசத்தில் அலங்காரம் எதுவும் இருக்காது. முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று உருண்டிருக்கும், கண்ணுக்கு இரண்டே இரண்டு சின்ன ஓட்டைகள். வலை வந்து விழுந்தால் எதிலும் மாட்டாமல் வழுக்கிப் போக வேண்டும், சூலத்தின் முனை கண்ணுக்குள் நுழையக் கூடாது, அதற்காக அப்படிச் செய்தார்கள். அந்தக் கவசத்துக்குள் பார்வையும் குறைவு, மூச்சும் முட்டும். வலைஞர் விலகி விலகி ஓடி அவரைக் களைக்க வைப்பார். அவர் எப்படியாவது நெருங்கிச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். இருவரில் ஒருவருக்குத் திறந்த உடம்பும் வேகமும், மற்றவருக்குக் கவசமும் கனமும். யோசித்துச் சேர்த்த இணை அது.

இன்னும் வகைகள் உண்டு. திராக்ஸ் என்பவருக்கு வளைந்த குறுவாள். முர்மில்லோ என்பவருக்குப் பெரிய கேடயமும் நேர்வாளும். அவர் பெயரே ஒரு மீனின் பெயரிலிருந்து வந்தது. விலங்குகளோடு சண்டையிட்டவர்கள் வேறு பிரிவு, அவர்களுக்கு வேறு பெயர். பேரரசுக் காலத்தில் காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை, பிற்பகலில்தான் கிளாடியேட்டர்கள் என்பது வழக்கமான நிகழ்ச்சி நிரல். சிங்கத்துக்கு முன்னால் தள்ளப்பட்ட கைதியையும் நாம் கிளாடியேட்டர் என்கிறோம். ரோமர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்கு ரோமர்கள் வைத்திருந்த பெயர் முனுஸ். கடமை, கொடை என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ரோம் நகரில் பதிவான முதல் கிளாடியேட்டர் சண்டை கி.மு. 264-இல் நடந்தது. புரூட்டஸ் பேரா என்பவர் இறந்ததும் அவருடைய மகன்கள் மாட்டுச் சந்தைத் திடலில் மூன்று இணைகளை மோதவிட்டார்கள். இறந்தவருக்குப் பிள்ளைகள் செலுத்த வேண்டியது அது என்று கருதினார்கள். இதை விளக்க நான் தமிழில் தேட வேண்டியிருக்கவில்லை. கடன் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, நீத்தார் கடன் என்று இன்றும் சொல்கிறோம். முனுஸ் என்ற சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் கடன் என்றே தயங்காமல் எழுதுவேன்.

அந்தக் கடன் சீக்கிரமே அரசியல் முதலீடாக மாறியது. கி.மு. 65-இல் ஜூலியஸ் சீசர் தன் தந்தையின் நினைவாக 320 இணைகளை இறக்கினார். தந்தை இறந்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு பெரிய அதிர்ச்சியையும் ரோம் பார்த்துவிட்டது. கி.மு. 73-இல் காப்புவா நகரின் பயிற்சிக்கூடம் ஒன்றிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் சமையலறைக் கத்திகளையும் இறைச்சி சுடும் கம்பிகளையும் எடுத்துக்கொண்டு தப்பினார்கள். ஸ்பார்ட்டகஸ் அவர்களில் ஒருவர், அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர். இரண்டு ஆண்டு போருக்குப் பிறகு, பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரை ஆப்பியன் சாலையோரம் சிலுவையில் அறைந்தார் ரோமத் தளபதி கிராசஸ்.

பாம்பேய் நகரத்துச் சுவர்களைப் பார்த்தால் இந்தச் சண்டைகள் எவ்வளவு பெரிய பொழுதுபோக்கு என்பது புரியும். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்ததால் அந்தச் சுவர் எழுத்துகள் அப்படியே தங்கிவிட்டன. ஒரு விளம்பரத்தில், லுக்ரேத்தியுஸ் சாத்ரியுஸ் வாலென்ஸ் என்ற பிரமுகர் சார்பில் 20 இணை, அவர் மகன் சார்பில் 10 இணை, ஏப்ரல் 8 முதல் 12 வரை மோதுவார்கள் என்றிருக்கிறது. விலங்கு வேட்டையும் உண்டு. கடைசியில் ‘திரை விரிக்கப்படும்’ என்று ஒரு வரி. பார்வையாளர் தலைக்கு மேல் வெயில் படாமல் துணி கட்டுவார்களாம். நம்மூர்த் திருவிழா நோட்டீஸில் பந்தல் வசதி உண்டு என்று போடுவதுபோல இருக்கிறது. இன்னொரு சுவரில் கேலாதுஸ் என்ற திராக்ஸ் பற்றி ஒரு கிறுக்கல்: ‘பெண்பிள்ளைகளின் பெருமூச்சு’.

இத்தனைக்கும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் மானமிழந்தவர்கள். பெரும்பாலோர் அடிமைகள், போர்க் கைதிகள், தண்டனை பெற்றவர்கள். பணத்துக்காகத் தானே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்த சுதந்திரக் குடிமக்களும் இருந்தார்கள். தீயில் சுடவும், கட்டிப்போடவும், அடிக்கவும், இரும்பால் கொல்லவும் உடன்படுகிறேன் என்பது அவர்கள் எடுத்த உறுதிமொழி. கொம்மோதுஸ் பேரரசரே களத்தில் இறங்கியிருக்கிறார். அதனால் ‘அடிமை வீரர்’ என்ற மொழிபெயர்ப்பும் முழுசாகப் பொருந்தாது.

நம் மனத்தில் இருக்கும் கிளாடியேட்டர் இந்தச் சுவர்களிலிருந்து வரவில்லை, திரையிலிருந்து வந்தவர். 1960-இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘ஸ்பார்ட்டகஸ்’, பிறகு 2000-இல் ரிட்லி ஸ்காட்டின் ‘கிளாடியேட்டர்’. இரண்டாவது படம் சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படம் உருவானதற்குப் பின்னால் ஓர் ஓவியம் இருக்கிறது. 1872-இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் வரைந்தது. வென்றவர் தோற்றவரின் கழுத்தில் கால் வைத்து நிற்கிறார், கூட்டம் கட்டைவிரலைக் கீழே காட்டுகிறது. தயாரிப்பாளர்கள் அந்த ஓவியத்தின் படியைக் காட்டியதும்தான் ஸ்காட் படத்தில் ஈர்க்கப்பட்டார். கட்டைவிரல் கீழே என்றால் சாவு என்ற சைகை இப்படி ஓவியத்திலிருந்து திரைக்கும் திரையிலிருந்து நம் கைக்கும் வந்து சேர்ந்தது. யுவெனால் என்ற ரோமானியக் கவிஞர் சொல்வது கட்டைவிரலைத் ‘திருப்பி’ என்று மட்டுமே. மேலா கீழா என்று அவர் சொல்லவில்லை.

சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறோம் என்று பேரரசரிடம் சொல்லும் புகழ்பெற்ற வாசகமும் அப்படித்தான். அது கிளாடியேட்டர்களின் வழக்கமான வணக்கம் இல்லை. கி.பி. 52-இல் ஃபூக்கினுஸ் ஏரியில் கிளௌதியுஸ் பேரரசர் நடத்திய போலிக் கடற்போரில் இறக்கப்பட்டவர்கள் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூத்தோனியுஸ் எழுதி வைத்த வரி அது.

‘கிளாடியேட்டர்’ படத்தின் நாயகன் மாக்சிமுஸ் கற்பனைப் பாத்திரம். கொம்மோதுஸ் நிஜம். அவர் தந்தை மார்க்குஸ் ஔரேலியுஸைக் கொன்று ஆட்சிக்கு வருவதாகப் படம் காட்டுகிறது, உண்மையில் கி.பி. 177-லேயே தந்தை அவரைத் தன்னோடு சேர்ந்து ஆளும் பேரரசராக ஆக்கிவிட்டார். படத்தில் வருவதுபோலக் கொம்மோதுஸ் களத்திலும் சாகவில்லை. 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நார்கிஸ்ஸுஸ் என்ற மல்லர் கழுத்தை நெரித்துக் கொன்றார். ஆனால் ஒரு விஷயத்தில் படத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பயிற்சிக்கூட முதலாளி புரோக்சிமோ தன் விடுதலைக்கு அடையாளமாகக் கிடைத்த மர வாளைக் காட்டும் காட்சி. ருதிஸ் என்ற அந்த மர வாள் உண்மையாகவே வழங்கப்பட்டது, அதைப் பெற்றவர் பிறகு களமிறங்க வேண்டியதில்லை.

படங்கள் அதிகமாகத் தவறவிடுவது வேறொன்றை. திரையில் ஒவ்வொரு சண்டையும் ஒரு பிணத்தோடுதான் முடியும். கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது நடக்காது என்று தெரியும். 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கயுஸ் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைச் சொல்கிறார்: கிளாடியேட்டர் காயமில்லாமல் திரும்பினால் 20 தெனாரியுஸ் (ரோம வெள்ளி நாணயம்), செத்தாலோ முடமானாலோ 1,000 தெனாரியுஸ். முதலாவது வாடகை, இரண்டாவது விற்பனை என்று அவர் பிரிக்கிறார். ஒரு சாவுக்கு ஐம்பது மடங்கு கொடுக்க வேண்டுமென்றால் விழா நடத்துபவர் யோசிக்கத்தானே செய்வார்? களத்தில் நீண்ட கோலோடு நடுவரும் நின்றார். தோற்றவர் விரலை உயர்த்தினால் சண்டை நிற்கும். எஃபெசஸ் நகரில் 1993-இல் கண்டுபிடிக்கப்பட்ட கிளாடியேட்டர் இடுகாட்டின் எலும்புகளில் நன்றாக ஆறிப்போன காயங்கள் இருந்தன. யாரோ பக்கத்தில் இருந்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். வாற்கோதுமையும் பயறு வகைகளுமே அவர்களின் சாப்பாடு. வாற்கோதுமை தின்பவர் என்று அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது.

கி.பி. 80-இல் கொலோசியம் திறக்கப்பட்டபோது பிரிஸ்குஸ், வேருஸ் என்ற இருவர் மோதினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, யாரும் வெல்லவில்லை. கூட்டம் இருவரையும் விடச் சொல்லிக் கத்தியது. கடைசியில் இருவரும் ஒன்றாகவே தோல்வியை ஒப்புக்கொள்ள, தீத்துஸ் பேரரசர் இருவருக்கும் மர வாளும் வெற்றி ஓலையும் கொடுத்தார். இதைப் பாடிய மார்ஷல், சமமாய்ப் பொருதார்கள், சமமாய்ப் பணிந்தார்கள் என்கிறார். அவர் ஆண்ட சொல் பாரெஸ், சமமானவர்கள். பாம்பேய் விளம்பரத்தில் நான் இணை என்று எழுதிய இடத்திலும் இதே சொல்தான், பாரியா என்று. சமமான இருவரை எதிரெதிரே நிறுத்துவதுதான் கிளாடியேட்டர் சண்டையின் உயிர். வாள் அதற்கு அப்புறம்தான்.

இங்கேதான் எனக்குப் பொருநர் என்ற சொல் நினைவுக்கு வருகிறது. பொரு என்றால் போர் செய். பொருவ என்பது ஒப்புமை காட்டும் உவம உருபாகவும் வரும். மோதலும் சமமும் ஒரே வேரில்! அதோடு முடியவில்லை. அதியமானைப் பற்றி ஔவையார் பாடும் புறநானூற்றுப் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

களம்புகல் ஓம்புமின் தெவ்விர் போர்எதிர்ந்து
எம்முளும் உளன்ஒரு பொருநன்

பகைவரே, களத்துக்குள் வராதீர்கள், எங்களிடமும் ஒரு பொருநன் இருக்கிறான் என்கிறார். இங்கே பொருநன் போராளி. ஆனால் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும் என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்தும்போது பொருநர் ஊர் ஊராகப் போய் நிகழ்த்தும் கலைஞர். போர்க்களம் பாடுபவர், ஏர்க்களம் பாடுபவர் எல்லாரும் பொருநரே என்பது நச்சினார்க்கினியர் உரை. போராளியும் நிகழ்த்துநரும் ஒரு சொல்லுக்குள் இருக்கிறார்கள். கூட்டத்தின் முன்னால் சண்டையையே நிகழ்ச்சியாக நடத்தியவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. மல்லர் என்றால் வெறுங்கையோடு மற்போர் செய்பவர் நினைவு வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பொருநர் என்றதும் இலக்கியம் படித்தவருக்கு முதலில் பொருநராற்றுப்படையும் அந்தக் கலைஞரும்தான் தோன்றும். படிக்காதவருக்குச் சொல்லே புதிது. அதனால் களப்பொருநர் என்று எழுதலாம் என்பது என் கருத்து. ரோமர்கள் சண்டைத் தரையில் கொட்டிய மணலுக்கு அரேனா என்று பெயர், அதுவே களத்துக்கும் பெயரானது. களம் என்ற சொல் முன்னால் நின்றால் பாடுபவரா பொருபவரா என்ற குழப்பம் பெரிதும் தீரும். திரைப்படம் பற்றிப் பேசும்போது கிளாடியேட்டர் என்றே சொல்லலாம், அது எல்லாருக்கும் தெரிந்த பெயர். வரலாறு எழுதும்போது, முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதி, பிறகு களப்பொருநர் என்று தொடரலாம்.

சொல் நிற்குமா என்று பார்க்க, சிசிலியில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்வெட்டைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அவர் ஒரு செகூத்தோர், பெயர் ஃபிளாமா, தழல் என்று அர்த்தம். கல்லை வைத்தவர் அவரோடு களத்தில் இருந்த தெலிக்காத்துஸ்.

துரத்தும் களப்பொருநன் ஃபிளாமா. 30 ஆண்டு வாழ்ந்தான். 34 முறை பொருதான். 21 முறை வென்றான். 9 முறை சமமாய் நின்றான். 4 முறை தோற்றும் உயிரோடு விடப்பட்டான். பிறப்பால் சிரியன். தகுதியுள்ள தோழனுக்குத் தெலிக்காத்துஸ் செய்து வைத்தது.