கையுறைப் பொதியில் எழுதியுள்ள பாகை உங்கள் கைக்கு உரியதன்று

குடாநாட்டு வெதுப்பகமொன்றில் போறணையிலிருந்து பாண் தட்டுகளை இறக்கிய இளைஞர் ஒருவரின் உள்ளங்கை அண்மையில் வெந்துபோனது. அவர் கையுறை அணிந்தே வேலை செய்திருக்கிறார். அதன் பொதியில் 500 பாகை (செல்சியஸ்) என்று பெரிதாக அச்சிடப்பட்டும் இருந்தது. வேலைத்தளப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் எனக்கு இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும் மனவருத்தத்தைத் தருகிறது. "போறணைச் சூடு 250 பாகைதானே, 500 பாகைக் கையுறை போட்டும் எப்படிச் சுட்டது?" என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.

நேரத்தைச் சொல்லாமல் பாகையை மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. வெப்பத்தைத் தாங்கும் கையுறைகளுக்கான ஐரோப்பிய நியமமான ஈ.என். 407 இன்படி, தொடுவெப்பச் சோதனையில் கையுறையின் உள்ளங்கைத் துண்டைச் சூடாக்கிய உலோக உருளையோடு சேர்த்து, மறுபக்கத்திலுள்ள அளவிடும் கருவியின் வெப்பநிலை 10 பாகை உயர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த நேரம் 15 விநாடிக்குக் குறையாதிருந்தால் தேர்ச்சி. 100 பாகையில் தேறினால் முதலாம் நிலை, 250 இல் இரண்டாம் நிலை, 350 இல் மூன்றாம் நிலை, 500 இல் நான்காம் நிலை. ஆகவே நான்காம் நிலைக் கையுறைக்குக்கூட 500 பாகையில் உறுதி கூறப்படுவது 15 விநாடிகளே. அதற்குப் பின்னரும் சூடு உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். சோதனைக்கு வைக்கும் துண்டு புதியது, உலர்ந்தது, ஆறியது. தட்டுகளை அடுத்தடுத்து இறக்குபவரின் கையுறையோ, முந்திய தட்டின் சூடு ஆறுமுன்பே அடுத்த தட்டைத் தொடுகிறது. தோல் 60 பாகையை எட்டினாலே ஏறத்தாழ 5 விநாடிகளில் கடுமையாக வெந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சில பொதிகளில் போடப்படும் 500 பாகை, அரமிட் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை நூல் சிதையும் வெப்பத்தை ஒட்டியதே தவிர உள்ளிருக்கும் கை தாங்கும் வெப்பம் அன்று.

கையுறையிலுள்ள தீச்சுவாலைக் குறியின் கீழுள்ள ஆறு இடங்களை வாசிக்கப் பழகுங்கள். முதலாவது இலக்கம் தீப்பற்றும் தன்மைக்குரியது. சூடான தட்டைப் பிடிப்பவருக்கு வேண்டியது இரண்டாவது இலக்கம். முதலில் 4 என்றும் அடுத்து 1 என்றும் இருந்தால், அது எளிதில் தீப்பற்றாத, ஆனால் 100 பாகைக்கு மட்டுமே தொடுவெப்பத் தேர்ச்சி பெற்ற கையுறை. அதைக் கொண்டு 230 பாகைத் தட்டைத் தூக்குவது ஆபத்து. எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். அதைத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையுறையை நனைத்துப் போட்டால் சூடு ஏறாது என்ற நம்பிக்கையை இனியாவது கைவிடுங்கள். நூலிடைகளில் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் கையைக் காக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் பல மடங்கு விரைவாகக் கடப்பதோடு, நீராவியும் எழுந்து தோலை அவிக்கும். போறணைத் தளத்தை ஈரச் சாக்கால் துடைத்த கையுறையோடு தட்டைத் தொடவே கூடாது. வியர்வையில் ஊறியதும் இதே ஆபத்தைத்தான் தரும்.

இறப்பர் பூசிய தோட்டக் கையுறைகளைப் போறணைக்கும் உலோக ஒட்டுவேலைக்கும் (வெல்டிங்) கொண்டுவராதீர்கள். அவற்றின் துணியிலுள்ள நைலோன் ஏறத்தாழ 220 பாகையிலும் பொலியெஸ்டர் ஏறத்தாழ 260 பாகையிலும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவேலைக்கென ஈ.என். 12477 என்ற தனி நியமம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளங்கை தேய்ந்ததையும், கருகி விறைத்ததையும், எண்ணெய் ஊறியதையும் தைத்துப் பாவிக்காமல் எறிந்துவிடுங்கள்.

முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள்: போறணையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு சோடி கொடுங்கள், ஒன்று உலரும்போது மற்றது கையில் இருக்கட்டும். கையில் சூடு தெரிந்த உடனேயே தட்டைக் கீழே வைக்க, போறணை வாயருகில் ஒரு மேசையும் போட்டுவையுங்கள். தட்டு விழுந்து பாண் வீணாகிவிடும், ஏச்சு வாங்க வேண்டிவரும் என்ற பயத்திலேயே பலர் சூட்டைப் பொறுத்துக்கொண்டு பிடித்திருக்கிறார்கள்.