ஊருக்குத்தான் குளிர், கிடாரத்துக்கு இல்லை

மறுபடியும் அதே விபரம். கோயிலில் அன்னதானம், பகல் ஒரு மணிக்குப் பந்தி. இரவு பத்து மணிக்கு முதல் ஆளுக்கு வயிற்றுவலி, வயிற்றோட்டம். விடிவதற்குள் தோட்டத்து வீட்டு வரிசைகளான பணிய லயம், மேட்டு லயம் என்ற வித்தியாசமில்லாமல் வீட்டுக்கு இரண்டு பேர். கிடைத்த ஓட்டோவிலும் கொழுந்து லொறியிலும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். எப்போது சமைத்தீர்கள் என்று கேட்டால், எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ராத்திரியே ஆக்கி வச்சிட்டோம். இந்தக் குளிருக்குச் சாப்பாடு எப்படிங்க கெட்டுப்போகும்?"

அந்தப் பதிலுக்காகவே சுகாதாரப் பணிமனையிலிருந்து இதை எழுதுகிறேன். கோயில் கமிட்டித் தலைவர்மாரும், கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அடுப்படியைப் பொறுப்பெடுக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் பனி உறைவதும் உண்மை. ஆனால் சமைத்த உணவைப் பாதுகாக்கும் குளிர் என்பது 5 பாகைக்குக் கீழே, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் குளிர். நம் உடம்பு நடுங்குகிற 12, 15 பாகை அதற்குப் போதாது. இதை விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. வெளியே எத்தனை பாகை என்று பார்க்கிறோம். கிடாரத்தின் நடுவில் எத்தனை பாகை என்று எவரும் பார்ப்பதில்லை.

இருநூறு பேருக்கு 25 கிலோ அரிசி போட்டால் வெந்த சோறு 60 கிலோவைத் தாண்டும். அதை ஒரே கிடாரத்தில் வைத்து, மூடி போட்டு, சூடு போகாமலிருக்க மேலே சாக்கும் போடுகிறோம். சூடு வெளியேற விளிம்பையும் மேற்பரப்பையும் விட்டால் வேறு வழியில்லை. சோறு மாதிரிக் கெட்டியான பண்டத்தில் சூடு மிக மெதுவாகத்தான் நகரும். பாத்திரத்தின் அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால் ஆறுவதற்கான நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். வீட்டுச் சட்டியில் ஒரு மணி நேரத்தில் ஆறும் சோற்றைப் பார்த்துப் பழகிய கண்ணால் கிடாரத்தை அளக்க முடியாது. இரவு ஒன்பது மணிக்கு இறக்கிய சோற்றில் விடியற்காலை மேலே ஒரு கரண்டி எடுத்தால் ஜில்லென்றிருக்கும். ஒரு முழம் கீழே போனால் வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் நோய் விளைகிறது.

அரிசியிலும் பருப்பிலும் மசாலாத் தூள்களிலும் மண்ணிலிருந்து வந்த பற்றீரியாக்களின் வித்திகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) ஒட்டியிருக்கும். கொதிக்கவைத்தால் மற்றக் கிருமிகள் சாகும், இந்த வித்திகள் சாகா. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். குடிதண்ணீரைப் பாதுகாப்பாக்க அது தாராளமாகப் போதும். 100 பாகைக்கே அசையாத வித்திகளை அது ஒன்றும் செய்யாது. உணவு ஆறத் தொடங்கி 50 பாகைக்குக் கீழே இறங்கும்போது அவை முளைக்கின்றன. இறைச்சிக் கறியிலும் பருப்பிலும் வளரும் ஒரு வகை, 43 முதல் 47 பாகை வரையிலான சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடும். கிடாரத்தின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேலேயே நிற்கும். அன்னதானத்துக்கு எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்துகொண்டு போகிறதென்றால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

"மிளகாயும் மஞ்சளும் தாராளமாப் போட்டா கெடாதே" என்பார்கள். சமைத்த கறியில் இருக்கும் அளவு மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் இதைத் தடுக்கும் பலமில்லை. வித்திகள் கறிக்குள் வரும் வழிகளில் ஒன்றே அந்தத் தூள்தான். "மோந்து பார்த்தோம், வாடையே இல்லை" என்பது அடுத்தது. புளித்த வாடையும் நூல் விடுவதும் வேறு கிருமிகளின் வேலை. ஆளைச் சாய்ப்பவை வாடையையும் ருசியையும் மாற்றாமலே பெருகக்கூடியவை.

அடுத்த நம்பிக்கை, காலையில் மறுபடி சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. இறைச்சிக் கறியில் பெருகிய கிருமியை 75 பாகைக்கு மேல் முழுவதுமாகச் சூடாக்கினால் கொன்றுவிடலாம். கிடாரத்தில் அது நடப்பதில்லை. அடி பிடிக்கும், ஓரம் கொதிக்கும், நடு வெதுவெதுப்போடு நிற்கும். சோற்றின் கதை இன்னும் மோசம். சோற்றில் வளரும் வகை வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே கக்கிவிடுகிறது. அந்த நஞ்சைக் கொதிக்கும் சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. பழஞ்சோற்றை எண்ணெயில் பிரட்டிக் கொடுக்கும் பிரைட் ரைஸ் சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதனால்தான்.

ஆவியை நம்பி ஏமாறுவது மலைநாட்டுக்கே உரிய தவறு. கொழும்பில் சோற்றிலிருந்து ஆவி பறந்தால் அது சூடாக இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். நம் குளிர்காற்றில் 40 பாகைச் சோற்றிலும் ஆவி பறக்கும். "ஆவி பறக்கப் பறக்கத்தானே பரிமாறினோம்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆவி பறந்தது, சூடு போதவில்லை. உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியைக் கோயில் கமிட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள், 60 பாகைக்கு மேல் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கொதிநீரில் கம்பியை முக்கித் துடையுங்கள்.

கண்டியில் இதே பிரச்சினை பார்சலாக வருகிறது. நகரத்தின் கடைகள், பஸ் நிலையம், டியூஷன் வகுப்புகள், ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றுக்கும் பகல் சாப்பாடு சுற்றுப்புறத்துச் சிறு சமையலறைகளிலிருந்து வந்து சேர்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு வெந்த சோறு எட்டு மணிக்குக் கட்டப்படுகிறது. பிற்பகல் இரண்டு மணி வரை கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். கண்டியில் நுவரெலியாக் குளிரும் கிடையாது. சூடான சோற்றின் நடுவே பச்சைத் தேங்காய்ச் சம்பலையும் கையால் உரித்துப் பிளந்த முட்டையையும் வைத்துச் சுற்றிக் கட்டினால், சோறு சம்பலைச் சூடாக்கும், சம்பல் சோற்றின் சூட்டைக் குறைக்கும். பார்சல் முழுவதும் கிருமிக்குப் பிடித்த சூட்டுக்கு வந்து நிற்கும். கடைக்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: கட்டும் நேரத்தைப் பார்சலில் எழுதுங்கள். சோறு அடுப்பிலிருந்து இறங்கி நான்கு மணி நேரத்துக்கு மேலானதை விற்காதீர்கள். சம்பலைத் தனியாகக் கட்டுங்கள். கடைகள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அதைச் சொல்லி மிரட்டுவதை விட, பத்து மணிக்கு இரண்டாவது உலை வையுங்கள் என்று சொல்வதே எனக்கு முக்கியம்.

மீனிலும் இதே குளிர் நம்பிக்கை. கடலோரத்திலிருந்து மலையேறி வரும் கெலவல்லா, பலயா, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் பலகையில் பரப்பி, "ஊரே ஐஸ் பெட்டி மாதிரித்தானே இருக்கு" என்று விற்கிறார்கள். 4 பாகைக்கு மேலே வைத்தால் இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேர்கிறது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் அரிக்கும். "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று ஆயுசுக்கும் மீனை ஒதுக்கியவர்களில் சிலருக்கு மீன் ஒவ்வாமையே இல்லாமலிருக்கலாம், ஐஸ் இல்லாமல் வைத்ததே காரணமாயிருக்கலாம். ஐஸ் இல்லாத மீனை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, இருநூறு பேருக்கு எப்படித்தான் சமைப்பது?

முந்தின இரவு செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. கடலையை ஊறப்போடலாம், உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போடலாம், வெங்காயம் உரிக்கலாம், கோவாவையும் போஞ்சியையும் கழுவி வைக்கலாம். விறகைக் காயவைத்து அடுக்கலாம். ஈர விறகுக்குப் பயந்துதான் பலர் இரவே ஆக்குகிறார்கள். அடுப்பில் ஏற்றக்கூடாது, தேங்காய் துருவக்கூடாது. 25 கிலோ அரிசியை மூன்று பாத்திரங்களாகப் பிரியுங்கள். பந்தி பன்னிரண்டரைக்கென்றால் முதல் உலையை ஒன்பதரைக்கு வையுங்கள், மற்ற இரண்டும் முக்கால் மணி நேர இடைவெளியில். நம் உயரத்தில் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும், அதைக் கணக்கில் சேருங்கள். பருப்பையும் குழம்பையும் தணலில் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை அடிவரை கிளறி, 60 பாகைக்கு மேலேயே வைத்திருங்கள். பாயாசத்தைக் கடைசியாகச் செய்யுங்கள். பாலும் சேமியாவும் ஜவ்வரிசியும் சேர்ந்தது வெதுவெதுப்பாக நின்றால் சீக்கிரம் கெடும். எதுவானாலும் அடுப்பை விட்டு இறங்கி நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். மிஞ்சியதை வீட்டுக்கு வீடு வாளியில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சோற்றைக் கொட்ட மனம் வராது என்பது தெரியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அந்த வாளி போகிறது, அதை நினைத்துப் பாருங்கள்.

கோழி சமைப்பதென்றால் குளிர் இன்னொரு பக்கமாக அடிக்கும். உறைந்த கோழியை இரவு பாத்திரத்தில் போட்டு வைத்தால் காலையில் தோல் இளகியிருக்கும், உள்ளே எலும்பருகில் ஐஸ் இருக்கும். அப்படியே சட்டியில் போட்டால் வெளிச்சதை வெந்தும் எலும்போரம் சிவப்பாகவே நிற்கும். ஒரு நாள் முன்பே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். முழுதாக இளகிய பிறகு சிறு துண்டுகளாக வெட்டுங்கள்.

வேறு வழியே இல்லாமல் முதல் நாள் சமைத்தாக வேண்டுமா? அப்போது நம் குளிரைச் சரியாகப் பயன்படுத்தலாம். கறியைச் சிறு பாத்திரங்களில் ஊற்றி, பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) ஓடிவரும் தண்ணீர் நிறைந்த தொட்டியில், கறி மட்டம் வரை தண்ணீர் நிற்க, ஆனால் உள்ளே தெறிக்காமல் இறக்கி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். இரண்டு மணி நேரத்தில் 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு வர வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 பாகைக்கு. சோறென்றால் கொதிநீரில் கழுவிய தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்புங்கள், பழைய பேப்பரில் வேண்டாம். பிறகு குளிர்சாதனப் பெட்டி. பெட்டி இல்லையென்றால் முதல் நாள் சமையலும் இல்லை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

கை. கொழுந்து பறிக்கும் அக்காமாரின் விரல்களில் வெடிப்பும் வெட்டும் இல்லாத நாள் ஏது? அந்தப் புண்ணிலிருக்கும் கிருமி தேங்காய்ப்பூவிலும் பிசைந்த மாவிலும் சேர்ந்து நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சும் சூட்டுக்கு அசையாது. விரலில் புண் இருந்தால் விறகையும் பாத்திரத்தையும் பாருங்கள், சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். வயிற்றோட்டம் வந்தவர், அது நின்று இரண்டு நாள் ஆகும் வரை அடுப்படிப் பக்கம் வரவே கூடாது. ஒத்தாசைக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைத்து வருகிறார்கள். தலைவர்மார்தான் அவர்களை உரிமையோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு வார்த்தை: பந்தியில் கொடுக்கும் குடிநீரும் சர்பத்தும் கொதித்து ஆறிய நீராக இருக்கட்டும். பீலி எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அதற்கு மேலே லயமும் மாட்டுக்கொட்டிலும் இருக்கலாம்.

அன்னதானத்துக்கு ஒரு வாரம் முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லிவிடுங்கள். தடுக்க வருவதில்லை நாங்கள். அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, யார் சமைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவோம்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது சுகமில்லாமல் போனால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு ஜீவனி பைக்கற்றை (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்து அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் போனாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, ஆள் சோர்ந்து மயங்கினாலோ 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். உணவு நஞ்சாதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய், மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. "பருப்பில் மருந்து வச்சிட்டாங்க" என்று பக்கத்து லயத்தின் மேல் பழி போடுவதும் வேண்டாம். அந்தப் பேச்சு வயிற்றோட்டம் நின்ற பிறகும் வருடக்கணக்கில் நிற்கிறது. கிடாரத்தைக் கழுவாதீர்கள், மிச்சத்தைக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கோப்பையளவை, கொதிநீரில் கழுவி ஆறவைத்த மூடி போத்தலில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்.