இரவு இரண்டு மணிக்கு நண்பகல் வெளிச்சம்

நிலாவெளிப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரை ஹோட்டலில் குளிரூட்டியின் கட்டுப்பாடு பழுதாகிவிட்டது என்று ஒருநாள் இரவு என்னை அழைத்திருந்தார்கள். வேலையை முடித்துவிட்டு வரவேற்புக் கூடத்துக்கு வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வெளியே கடல் எது, கரை எது என்று தெரியாத இருட்டு. உள்ளே, உச்சி வெயிலில் சுண்ணாம்புச் சுவரைப் பார்ப்பதுபோல் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். அதன் நடுவே வரவேற்பு மேசையில் ஓர் இளைஞர் தனியாக அமர்ந்திருந்தார். பேச்சுவாக்கில், "இரண்டு கிழமையாக வீட்டுக்குப் போனால் உறக்கமே வருவதில்லை அண்ணா. காலை ஏழரைக்குப் படுத்தால் பதினொரு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்" என்றார். விளக்கைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எனக்கு ஐயம் தட்டியது. நேரத்துக்கேற்ப விளக்குகளின் நிறத்தையும் பிரகாசத்தையும் தானே மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதன் கடிகாரம் பிற்பகல் இரண்டு மணி என்று காட்டியது. இரண்டு கிழமைக்கு முன் மின்சாரம் தடைப்பட்டபோது, உள்ளே இருந்த சிறிய பற்றரி ஏற்கெனவே செத்துப்போயிருந்ததால், கடிகாரம் நேரத்தை இழந்திருக்கிறது. மின்சாரம் நண்பகலில் திரும்பியதும் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் பகலில் மங்கிய மஞ்சள், நள்ளிரவில் உச்சி வெள்ளை. பகலில் கண்ணாடிச் சுவர் வழியே கடல் வெளிச்சம் கொட்டுவதால் விளக்கு மங்கியது யாருக்கும் தெரியவில்லை. இரவில் பார்த்த ஒரே ஆள் அந்த இளைஞர். புதிய முறை என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று அவரும் இருந்துவிட்டார்.

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடங்களுக்கு மின் கட்டுப்பாட்டு வேலை செய்பவன் நான், மருத்துவன் அல்லன். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு, விளக்கு அட்டவணை எழுதும்போது என் கை ஓர் உடம்பின் மேல் இருக்கிறது என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

கண் பார்ப்பதற்கு மட்டும் உரியது என்றுதான் நாம் படித்தோம். விழித்திரையில் கூம்புகளும் கோல்களும் தவிர, ஒளியை நேரடியாக உணரும் இன்னொரு வகை நரம்பணுக்களும் இருக்கின்றன என்பது 2002இல்தான் உறுதியானது. அவற்றில் உள்ள மெலனொப்சின் என்ற நிறமி, ஏறத்தாழ 480 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. அந்த அணுக்களின் முக்கிய வேலை உருவத்தைக் காட்டுவதன்று. இப்போது பகலா, இரவா என்ற செய்தியை மூளையின் அடிப்பக்கத்தில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு அணுத்திரளுக்கு அவை அனுப்புகின்றன. நம் உடற்கடிகாரத்தின் தலைமையிடம் அது. உறக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதும் அங்கிருந்துதான் ஆளப்படுகிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஜெப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விளக்கை நேரத்துக்கேற்ப மாற்றுவதை அழகியலாகவும் சொகுசாகவும் நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தபோதும் அந்த இடத்திலிருந்து இறக்கவில்லை. அதில் ஒளியின் பங்கு எவ்வளவு, உறக்கக் குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது ஆய்வாளர்களின் வேலை. ஒளி நம் கையில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் போதும்.

அலுவலகங்களில் நான் அடிக்கடி காணும் தவறு வேறு விதமானது. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மாடிக் கட்டடத்தில், நிறம் மாறும் எல்.ஈ.டி விளக்குகள் போட்டு, காலையில் 6500 கெல்வின், மாலையில் 2700 கெல்வின் என்று அட்டவணையும் எழுதியிருந்தார்கள். கெல்வின் எண் கூடக் கூட ஒளி வெள்ளையாகும், குறையக் குறைய மஞ்சளாகும். மேசை மேல், விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் லக்ஸ்மானியை வைத்தேன்: 500 லக்ஸ். எழுத்து வேலைக்கு வழமையாகக் கேட்கப்படும் அளவு அது; குறை சொல்ல ஏதுமில்லை. பிறகு மானியை நிமிர்த்தி, அமர்ந்திருப்பவரின் கண் உயரத்தில், ஏறத்தாழ 1.2 மீற்றரில், அவர் பார்க்கும் திசையை நோக்கிப் பிடித்தேன். பாதிகூட இல்லை. வெளிச்சம் முழுவதும் கூரையிலிருந்து மேசைக்கு இறங்குகிறது; கண்ணுக்குள் புகுவது கொஞ்சம்தான். உடற்கடிகாரம் மேசையில் இல்லை என்பதை இத்துறையில் இருக்கும் நாமே மறந்துவிடுகிறோம்.

கண்ணில் விழும் ஒளியில் மெலனொப்சினைத் தட்டும் பங்கு எவ்வளவு என்று கணக்கிட 2018இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு ஒரு தரநிலையை வெளியிட்டது. பகல் ஒளியை ஒன்று என்று கொண்டால், 4000 கெல்வின் எல்.ஈ.டி ஒன்றின் பங்கு ஏறத்தாழ 0.6, 2700 கெல்வினுக்கு 0.4 அல்லது சற்று மேல். விளக்குக்கு விளக்கு இது மாறும். தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். 2022இல் இத்துறை அறிஞர்கள் பலர் சேர்ந்து, பகலில் நடமாடி இரவில் உறங்கும் மக்களுக்கென மூன்று அளவுகளைப் பரிந்துரைத்தார்கள். பகல் முழுவதும் கண்ணளவில் குறைந்தது 250. உறங்கப் போவதற்கு மூன்று மணிநேரத்துக்கு முன்பிருந்து 10க்கு மேற்படாமல். உறங்கும் அறையில் 1க்கு மேற்படாமல். எல்லாம் மெலனொப்பிக் லக்ஸ் கணக்கில், அதாவது கண்ணில் விழும் லக்ஸை விளக்கின் பங்கால் பெருக்கினால் வரும் அளவில்.

இப்போது அந்த அலுவலகத்தைக் கணக்கிடுவோம். கண்ணில் 200 லக்ஸ், விளக்கு 4000 கெல்வின் என்றால் 200ஐ 0.6ஆல் பெருக்க 120 வருகிறது. 250 வேண்டுமென்றால் விளக்குகளின் ஒளியை இரு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். மின் கட்டணமும் கூடும். விளக்கின் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் கூடுதலாக உழைக்கும். நிறத்தை மட்டும் வெள்ளையாக்கினால் ஓரளவு ஏறும். கெல்வினை மாற்றிவிட்டோம், உடற்கடிகாரத்துக்கு ஏற்ற கட்டடமாகிவிட்டது என்று விளம்பரப்படுத்துவதற்கு அது போதாது.

இத்தனைக்கும் அந்த அலுவலகத்தின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முழுவதையும் தடித்த திரைச்சீலை மூடியிருந்தது. பிற்பகலில் துறைமுகத்து நீரில் வெயில் பட்டுத் தெறிப்பதால் கணினித் திரை தெரியவில்லை என்று யாரோ இழுத்து மூடியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. உப்புவெளிப் பக்கம் கிழக்கே கடலைப் பார்க்கும் கட்டடங்களில் இதே கதை தலைகீழாக நடக்கும்: காலை ஏழு மணி வெயிலுக்காக மூடியது மாலைவரை மூடியே கிடக்கும். மேகம் மூடிய நாளிலும் வெளியே பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். இந்த ஊரில் அமர்ந்துகொண்டு பகலை விலைகொடுத்து வாங்குவது எனக்கு மனவேதனை தருகிறது. அந்த அலுவலகத்தில் நான் முதலில் செய்தது, மேசைகளை யன்னலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பச் சொன்னதுதான். யன்னல் முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். முதுகுக்குப் பின்னே இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். பக்கவாட்டில் இருந்தால் நெருக்கமான இரண்டு வரிசைக்கு விளக்கின் உதவியில்லாமலே 250 கிடைத்தது. திரைச்சீலைக்கு மோட்டார் பூட்டி, பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மட்டும் இறங்கும்படி அமைத்தோம்.

அட்டவணையில் ஒவ்வொரு பொழுதின் விளக்கு அமைப்புக்கும் பெயர் கொடுக்க வேண்டும். ஆங்கில எண்கள் போட்டால் பராமரிப்புப் பணியாளர்கள் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். நான் சிறுபொழுதுகளின் பெயரையே போடுகிறேன்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. நான்கு மணிநேரத்துக்கு ஒன்றாக நாளை ஆறாகப் பிரித்துவைத்த நம் முன்னோர், கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்குச் சூரியன் சாயும் எற்பாட்டை உரிமையாக்கினார்கள். அலுவலக அட்டவணையில் அதே எற்பாடுதான் எனக்குக் கடினமான பொழுது. உண்டபின் கண் சொக்கும் இரண்டு மணிக்கு வெளிச்சம் குறையக்கூடாது. ஐந்து மணிக்குப் பிறகு மெல்ல இறங்கவும் வேண்டும்.

அந்த இறக்கம் ஒருவருக்கும் தெரியக்கூடாது. விளக்குகளுக்குக் கம்பி வழியே கட்டளை அனுப்பும் டாலி முறையில் சாதாரண மங்கல் நேரம் அதிகம் போனால் 90 செக்கன்தான். 4000த்திலிருந்து 2700க்கு ஒன்றரை நிமிடத்தில் இறங்கினால் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டி சிறு சிறு படிகளாக அரை மணிநேரம் எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். விளக்கு வாங்கும்போதே டாலியில் நிறம் மாற்றுவதற்கான எட்டாம் வகைக் கருவியா என்று கேட்பதும் நல்லது. அதில் நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் ஒரே முகவரி, அதாவது கட்டளை போய்ச்சேரும் ஒரே எண், போதும். பழைய வகையில் வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என இரண்டு போய்விடும். ஓர் இணைப்புக்கு 64 முகவரிகள்தான் உள்ளன.

கடிகாரத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்ட பழுதுகளில் பாதிக்கு மேல் அதில்தான். பெட்டிகள் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. கோடைகால நேர மாற்றம் இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு மணிநேரம் முன்னதாகவே மாலை வந்துவிடுகிறது என்றால் காரணம் இதுதான். அதை நிறுத்துங்கள். இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. அரை மணியையும் சேர்த்துக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். சூரிய உதயத்தைத் துரத்தும் வசதிக்கு இங்கே பெரிய பயனில்லை. நாம் பூமத்திய கோட்டிலிருந்து எட்டரைப் பாகைதான் வடக்கே. ஆண்டு முழுவதும் உதயம் காலை 5:45க்கும் 6:30க்கும் இடையில், அத்தமனம் மாலை 5:40க்கும் 6:30க்கும் இடையில். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டும் ஊர்களுக்காக எழுதப்பட்ட அட்டவணையை அப்படியே நகலெடுத்துப் போடுவது நமக்குப் பொருந்தாது. 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாடு இது. மின்சாரம் திரும்பியதும் இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளாத பெட்டியை நான் இப்போது ஏற்பதில்லை. பற்றரி மாற்றும் திகதியைப் பெட்டியின் கதவிலேயே ஒட்டிவிடுகிறேன்.

இரவுப் பணியாளர்களுக்கு வருவோம். அட்டவணையில் ஒரு எழுத்து எழுதுமுன் நான் கேட்கும் கேள்வி: இங்கே வேலை செய்பவர் எப்போது உறங்குகிறார்? முகாமையாளரிடம் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். நிலாவெளி இளைஞர் கிழமைக்கு மூன்று இரவு வேலை செய்கிறார், மற்ற நாட்களில் வீட்டாரோடு இரவில் உறங்குகிறார். அப்படி மாறி மாறி வேலை செய்பவரின் கடிகாரத்தை விளக்கால் புரட்டிப்போட முயல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடத்தை யாமத்தில் 2700க்கும் கீழே மங்க வைத்து, பதிவேடு எழுத மட்டும் அவர் மேசையில் ஒரு சிறு விளக்கு, அதன் ஆளி அவர் கையில். நிரந்தரமாக இரவில் மட்டும் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மருத்துவரையும் சேர்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். இயந்திரத்தோடும் மருந்தோடும் வேலை செய்பவர்களுக்கு எந்த நேரத்திலும் வேலைக்கு வேண்டிய வெளிச்சத்தைக் குறைக்கக்கூடாது. படிக்கட்டும் அவசர வெளியேறும் வழியும் இந்த அட்டவணைக்குள் வரவே கூடாது.

நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும் ஊழியர்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் இருப்பார்கள். பிற்பகலில் வேலை சீக்கிரம் முடியும். அந்த மாதத்துக்குத் தனி அட்டவணை எழுதிவைப்பது ஒரு மணிநேர வேலை. வயதான ஊழியர்களின் விழிவில்லை மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டுவதால் அவர்களுக்கு யன்னலோர இருக்கை கொடுங்கள் என்றும் சொல்வதுண்டு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கூடுதல் வெள்ளையைத் தாங்கமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் அட்டவணையை மீறி, இரண்டு மணிநேரத்துக்கு வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் ஆளி சுவரில் இருந்தாக வேண்டும். செலவு கூடும் என்று அதை வெட்டச் சொன்ன ஒப்பந்தகாரர்களோடு நான் வாக்குவாதப்பட்டிருக்கிறேன், இனியும் படுவேன்.

ஒப்படைக்கும்போது ஒரு தாள் தருகிறேன்: எந்தப் பொழுதில் எந்த அளவு, யார் மாற்றலாம், கடிகாரத்தைச் சரிபார்ப்பது எப்படி என்று தமிழிலும் சிங்களத்திலும். பெரும்பாலும் வறண்ட மாதங்களில், கச்சான் காற்று வீசும் காலத்தில் புதிய கட்டடங்களைத் திறந்துவைப்பார்கள். அப்போது யன்னலோரம் எடுத்த அளவுகள் எல்லாம் சிறப்பாகவே இருக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கி வானம் இருண்டபின் அதே இருக்கைகளில், அதே கண் உயரத்தில் மறுபடி அளக்க வேண்டும். துறைமுகத்தோரத்து அலுவலகத்துக்கு நவம்பர் நடுப்பகுதியில் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது வரிசைக்குக் கூரை விளக்கைக் கூட்ட வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.