சட்டை போடுவதும் சிகிச்சைதான்: ஆக்குபேஷனல் தெரபி பிறந்த கதை

பக்கவாதம் வந்து வலக்கை தளர்ந்துபோன ஒருவர் சட்டை போட வேண்டும். பழக்கதோஷத்தில் நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டால் காரியம் கெட்டது. துணி இறுகிக்கொள்ளும், தளர்ந்த கையை மறுபக்கத்துக்குள் திணிக்க இடமே இருக்காது. அதனால் தளர்ந்த கைக்குத்தான் முதல் மரியாதை. சட்டையை மடியில் விரித்து, அதன் கைப்பகுதியை நல்ல கையால் சுருட்டிப் பிடித்து, தளர்ந்த கையை உள்ளே விட்டுத் தோள்வரை ஏற்ற வேண்டும். அப்புறம் துணியை முதுகுப் பக்கமாகச் சுற்றி இழுத்து, நல்ல கையை நுழைக்கலாம். கழற்றும்போது வரிசை தலைகீழ்: நல்ல கைதான் முதலில் வெளியே வரும்.

இதைச் சொல்லிக்கொடுப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களின் வழியே சிகிச்சை தருபவர். சட்டை போடச் சொல்லித்தர ஒரு பட்டப்படிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. பெயரும் குழப்பத்தைக் கூட்டுகிறது. தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்றதும் வேலை வாங்கித் தருபவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் இலக்கணத்தில் 'படித்தல்', 'உண்ணல்', 'நடத்தல்' எல்லாமே தொழிற்பெயர்கள்தான். தொழில் என்றால் செயல். அந்தப் பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் இந்தச் சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

செயலே மருந்தாகும் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனநலக் காப்பகங்களில் தலைகாட்டியது. பிரான்சில் ஃபிலிப் பினெல், இங்கிலாந்தில் 1796இல் 'யார்க் ரிட்ரீட்' காப்பகத்தைத் திறந்த வில்லியம் டியூக் போன்றவர்கள், மனநோயாளிகளை அடைத்துவைப்பதைவிட மரியாதையாக நடத்தி, தோட்டவேலை, தையல் என்று எதிலாவது ஈடுபடுத்துவது நல்லது என்றார்கள். பின்னாளில் காப்பகங்களில் கூட்டம் நெரிந்தபோது அந்த அக்கறை கரைந்துபோனது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் பரப்பிய 'ஓய்வுச் சிகிச்சை' இதற்கு நேர் எதிரானது. நரம்புத் தளர்ச்சி என்று வந்தவரைப் பல வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தி, நிறையச் சாப்பிடவைத்து, படிக்கவும் எழுதவும் விடாமல் வைத்திருப்பது. இதில் நம்பிக்கை இழந்த ஹெர்பர்ட் ஹால் என்ற மருத்துவர், 1904இல் மாசசூசெட்சின் மார்பிள்ஹெட் ஊரில் நோயாளிகளைத் தறியிலும் மட்பாண்ட வேலையிலும் உட்காரவைத்தார். நோயாளிகளுக்கு ஏற்ற கைவேலைகளைப் பற்றிச் செவிலியர் சூசன் டிரேசி 1910இல் ஒரு நூலே எழுதினார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். அவர் மருத்துவர் அல்ல, கட்டடக் கலைஞர். காசநோய் வந்தது. பிறகு உறைபனியில் பாதம் பாதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து உடம்பின் இடப்பக்கம் செயலிழந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் 1914இல் ஒரு வீட்டை எடுத்து, 'ஆறுதல் இல்லம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அங்கே தச்சுப் பட்டறை, தோட்டம். முதல் நோயாளி அவரே. உளியும் மண்வெட்டியும் பிடித்துப் பிடித்தே இடப்பக்கத்தை மீட்டுக்கொண்டார்.

1917 மார்ச்சில் அந்த வீட்டில் ஆறு பேர் கூடி ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பார்ட்டன், மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டண்டன், சமூகப் பணியிலிருந்து வந்த எலினார் கிளார்க் ஸ்லேகிள், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், இன்னொரு கட்டடக் கலைஞர் தாமஸ் கிட்னர், பார்ட்டனின் செயலாளர் இசபெல் நியூட்டன். பட்டியலில் மருத்துவர் ஒரே ஒருவர். மருத்துவத் துறையொன்றின் பிறப்பில் இது கொஞ்சம் அபூர்வம்தான். அந்தச் சங்கம்தான் 1921இல் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம் என்று பெயர் மாறியது.

சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. காயம்பட்ட வீரர்களுக்கு இந்தச் சிகிச்சையைத் தர ராணுவ மருத்துவமனைகளில் பெண்கள் பணியில் சேர்ந்தார்கள். முழங்கால் மடங்காத வீரரை, மிதித்து ஓட்டும் மரமறுக்கும் வாளின் முன்னால் உட்காரவைப்பார்கள். இருக்கையை ஏற்றி இறக்கினால் முழங்கால் மடங்கும் கோணம் மாறும். பலகை கெட்டியாக இருந்தால் தசைக்கு வேலை கூடும். வீரரின் கண் மட்டும் பலகையில் வரைந்த கோட்டில் இருக்கும். முழங்காலை அவர் மறந்துவிடுவார்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 'கையை நீட்டு' என்று வெறுமனே சொல்லும்போது வரும் அசைவும், எதிரே இருக்கும் டம்ளரை எடுக்க நீளும் கையின் அசைவும் ஒன்றல்ல. உண்மையான பொருளை எட்டும்போது அசைவு கூடுதல் சீராக, நேராக இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் அளந்தே காட்டின. நோக்கம் இருந்தால் மூளை அசைவை வேறு விதமாகத் திட்டமிடுகிறது. ஆகவே தெரபிஸ்ட் ஒரு செயலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்: எந்த மூட்டு, எவ்வளவு பலம், எவ்வளவு கவனம், எந்த வரிசை. பிறகு ஆளுக்கேற்ப அதைச் சுலபமாக்குகிறார் அல்லது கடினமாக்குகிறார்.

இங்கிலாந்துக் கதை இன்னும் அழகு. மருத்துவர் எலிசபெத் காசன், மனநல மருத்துவமனைக் கூடங்களில் மண்டிக்கிடந்த சலிப்பைப் பார்த்து நொந்துபோயிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை பெண்கள் வார்டுக்குள் நுழைந்தால் சூழலே மாறியிருந்தது. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகச் செவிலியர்கள் வண்ணக் காகிதங்களையும் இலையற்ற கிளைகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், நோயாளிகள் அந்த வேலையில் மூழ்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காலையை மறக்காத காசன், 1930இல் பிரிஸ்டலில் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கினார். 1952இல் பத்து நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து உலகக் கூட்டமைப்பை உருவாக்கின. அதில் இந்தியாவும் உண்டு.

வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, முன்பென்றால் பிழைத்திருக்க முடியாதவர்கள் பென்சிலின் புண்ணியத்தில் உயிரோடு திரும்பினார்கள். போலியோவும் பரவியது. மருத்துவர்கள் எண்களைக் கேட்டார்கள்: மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எவ்வளவு வலுவானது? தெரபிஸ்டுகளும் கோணமானியைக் கையில் எடுத்தார்கள். கூடை முடைவது கேலிக்குரியதானது. நியாயமான கேலிதான், யாருக்கும் வேண்டாத கூடையை முடைவதில் நோக்கம் எங்கே இருக்கிறது? ஆனால் கூடையோடு சேர்த்து, செயலே மருந்து என்ற மூலக்கருத்தும் ஓரங்கட்டப்பட்டது. மனிதர் தன் கைகளைக் கொண்டு தன் ஆரோக்கியத்தையே மாற்ற முடியும் என்று 1961இல் அமெரிக்கத் தெரபிஸ்ட் மேரி ரைலி ஆற்றிய உரை, துறையை அதன் வேருக்குத் திரும்ப அழைத்தது. இன்னொரு அமெரிக்கத் தெரபிஸ்டான ஜீன் ஏர்ஸ், குழந்தைகள் தொடுதலையும் சமநிலையையும் மூளையில் எப்படி ஒருங்கிணைக்கிறார்கள் என்று ஆராய்ந்து இன்னொரு பாதையைத் திறந்தார். அந்த முறையின் பலன் குறித்து இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

1991இல் கனடாவில் வெளியான ஓர் அளவுமுறை, கோணமானியைத் தள்ளிவைத்துவிட்டு நோயாளியிடமே கேட்டது. நீங்கள் செய்ய விரும்புவது என்ன? அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? இப்போது எப்படிச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி? ஒன்று முதல் பத்துவரை அவரே மதிப்பெண் போடுவார். சிகிச்சை முடிந்ததும் மறுபடியும் அவரேதான் போடுவார்.

முதலில் பார்த்த பக்கவாதக்காரரிடம் இதைக் கேட்டால், "சட்டையை வீட்டில் யாராவது போட்டுவிடட்டும், எனக்கு என் கையெழுத்து வேண்டும்" என்று அவர் சொல்லக்கூடும். சரி என்று சட்டையை மடித்து வைத்துவிட்டு, விரல்கள் பற்றும்படி பேனாவின் மேல் தடித்த நுரை உறையைச் செருகத் தொடங்குவார் தெரபிஸ்ட்.