மூக்கை உயர்த்திய கார்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு யாரோ ஒரு சிறு பொம்மைக் கார் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஹாட் வீல்ஸ் வரிசையில் வரும் 1955 செவ்ரோலே. அதன் முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கிறது. "அப்பா, இந்தக் கார் ஏன் எட்டிப் பார்க்கிறது?" என்று குழந்தை கேட்டிருக்கிறாள். அழகுக்காக அப்படிச் செய்திருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, பிறகு மனம் கேளாமல் எனக்கு எழுதியிருக்கிறார்: "பந்தயக் கார் என்றால் தரையோடு தரையாகப் பதுங்கித்தானே இருக்க வேண்டும்? இது ஏன் தலைகீழாக இருக்கிறது?"

அருமையான கேள்வி. அந்தக் குழந்தையின் சொல்லும் அருமை. அந்தக் கார் உண்மையிலேயே ஒரு காரணத்துக்காகத்தான் எட்டிப் பார்க்கிறது.

அந்தப் பொம்மையின் மூதாதைக்குக் 'கேஸர்' என்று பெயர். அமெரிக்கர்கள் பெட்ரோலைக் கேஸோலின் என்பார்கள், சுருக்கமாகக் கேஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கி, பெரிய எஞ்சின்களைப் பொருத்தி, நேர்கோட்டில் ஓடிப் பார்த்தார்கள். 1950இல் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. இப்படி எஞ்சின் மாற்றிய கார்களுக்கு ஹாட் ராட் என்று பெயர்; அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பந்தயத் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நைட்ரோமீத்தேன் போன்ற வீரியமான எரிபொருளில் ஓடுபவை ஒரு பக்கம் இருக்க, சாதாரணப் பெட்ரோலில் ஓடும் வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு வைத்தார்கள். சாலையில் ஓட்டக்கூடிய காரையே வாரக் கடைசியில் தடத்துக்கும் கொண்டுவரலாம் என்பதுதான் அதன் தொடக்க நோக்கம். முகப்பு விளக்கு, மட்கார்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். எஞ்சினை வேண்டுமானால் சற்றுப் பின்னுக்குத் தள்ளலாம். அதற்கும் அச்சிடைத் தூரத்தில், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தில், பத்தில் ஒரு பங்குதான் வரம்பு.

இந்தப் பிரிவின் முடிசூடா மன்னன் 1941 வில்லீஸ் கூபே என்ற இரு கதவுக் கார். வில்லீஸ் என்ற பெயர் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். போர்க்கால ஜீப்பைச் செய்த நிறுவனம் அது. அந்த ஜீப்பைத்தான் பின்னர் மகிந்திரா உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. கூபே பிறந்தபோது அதில் இருந்தது ஏறத்தாழ 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். சிக்கனக் குடும்பத்துக்கான எளிய வண்டி. எடை குறைவு, நீளம் குறைவு, விலையும் குறைவு. இந்த மூன்று குறைவுகளும் பந்தயக்காரர்களுக்கு வரமாகிவிட்டன.

அப்படி ஒரு வில்லீஸைத்தான் ஃபிரெட் ஸ்டோன், டிம் வுட்ஸ், டக் குக் மூவரும் 'ஸ்விண்ட்லர்' என்ற பெயரில் களமிறக்கினார்கள். ஸ்டோனும் வுட்ஸும் கறுப்பினத்தவர்கள், ஓட்டுநர் குக் வெள்ளையர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனி வாசல் இருந்த 1960களின் தொடக்கத்தில் இந்த மூன்று பெயர்களும் ஒரே கதவில் எழுதப்பட்டிருந்தன. எதிரணியில் ஜான் மஸ்மேனியனின் சிவப்பு வில்லீஸ். ஒஹையோவிலிருந்து ஜார்ஜ் மான்ட்கோமரியின் 1933 வில்லீஸ். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தண்டுகளைச் செய்யும் நிறுவனங்கள் பத்திரிகை விளம்பரங்களில் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டன. அந்தக் காலத்தைக் 'கேஸர் போர்கள்' என்றே இன்றும் சொல்கிறார்கள்.

எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. கிரைஸ்லர் ஹெமி வகை எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் தலையில் ஒரு காற்றழுத்தியை உட்கார வைத்தார்கள். டீசல் பஸ்களிலும் லாரிகளிலும் போர்க்காலப் படகுகளிலும் இருந்த 6-71 என்ற இருவீச்சு எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தருவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதைப் பெட்ரோல் எஞ்சினில் மாட்டியதும் திறன் வெகுவாக எகிறியது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் கார் முன்னே போக வேண்டுமானால் பின்சக்கர டயர் தரையைப் பற்ற வேண்டும். 1950களின் டயர் கெட்டியானது, குறுகலானது. கிளம்பும் சைகை கிடைத்ததும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகையாகிவிடும். பள்ளியில் படித்ததுதான்: உராய்வு விசை என்பது உராய்வுக் குணகத்தையும் தரையை அழுத்தும் விசையையும் பெருக்கி வருவது. குணகம் டயர்க் கம்பெனியின் கையில் இருக்கிறது. அழுத்தும் விசை? காரின் எடையைக் கூட்டினால் அழுத்தம் கூடும், ஆனால் இழுக்க வேண்டிய சுமையும் கூடும். ஆக, எடையைக் கூட்டாமல் பின்சக்கரத்தின் மேல் மட்டும் எடையை ஏற்ற வேண்டும்.

இதற்கு அவர்கள் கண்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கும். அதை உணர டவுன் பஸ் ஒன்றே போதும்.

அடுத்த முறை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். ஒரு கால் ஓட்டுநர் பக்கம், மறு கால் பின்வாசல் பக்கம். பஸ் சட்டென்று கிளம்பும்போது பின்வாசல் பக்கத்துக் காலில் பாரம் ஏறுவது தெளிவாகத் தெரியும். முன்கால் இலேசாகிவிடும். உங்கள் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை, இரு கால்களுக்கும் இடையே பங்கு மாறியிருக்கிறது. பஸ் உங்கள் பாதத்தை முன்னே இழுக்கிறது, உடலின் ஈர்ப்பு மையமோ அதற்கு ஒரு மீட்டர் மேலே இருந்துகொண்டு நிலைமத்தால் பின்தங்குகிறது. அந்த ஒரு மீட்டர் உயரமே நெம்புகோல். இப்போது கால்களை அகட்டி வையுங்கள், பாரம் மாறுவது குறையும். முழங்காலை மடித்துத் தாழ்ந்து நில்லுங்கள், இன்னும் குறையும். கால்களைச் சேர்த்து வைத்து நெடுக நிமிர்ந்து நின்றால்? பின்னால் நிற்பவர் மேல் போய் விழுவீர்கள்.

பஸ்ஸில் விழாமல் இருக்க நாம் தாழ்ந்தும் அகன்றும் நிற்கிறோம். கேஸர்க்காரர்களுக்கு வேண்டியது நேர் எதிர். பாரம் பின்னுக்கு விழ வேண்டும். எனவே காரை உயர்த்தினார்கள், அச்சிடைத் தூரம் குறைந்த வண்டியாகத் தேடிப் பிடித்தார்கள். வில்லீஸ் கூபேயின் அச்சிடைத் தூரம் 2.64 மீட்டர்தான். செவ்ரோலே போன்ற கார்களில் முன்பக்கத்தின் கனமான சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு, மாட்டு வண்டிக்கு இருப்பது போல ஒரே நேரான அச்சையும் பட்டை வில்லையும் வைத்தார்கள். எடையும் குறைந்தது, மூக்கும் உயர்ந்தது, எஞ்சினும் மேலேறியது. போகிற போக்கில் எல்லோரும் வானத்தை எட்டிவிடுவார்கள் என்று எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் தண்டின் உயரம் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என விதி போட வேண்டியதாயிற்று.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது பின்சக்கரங்களின் மேல் பாதி, 600 கிலோ. உராய்வுக் குணகம் 1 என்று வைத்தால் பின்சக்கரம் 600 கிலோ எடைக்குச் சமமான விசையால் காரைத் தள்ளலாம். தள்ளியதும் பஸ்ஸில் நடந்தது நடக்கிறது. ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 159 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. இப்போது பின்சக்கரத்தின் மேல் பாரம் கூடிவிட்டதால் அது இன்னும் 159 கிலோ விசையைக் கூடுதலாகத் தரலாம். அதனால் முடுக்கம் கூடும். முடுக்கம் கூடினால் இன்னொரு 42 கிலோ பின்னுக்கு வரும். அது மேலும் 11 கிலோவைக் கொண்டுவரும். அது 3, அது 1.

வட்டிக்கு வட்டி போல! ஒவ்வொரு சுற்றிலும் வட்டி சுருங்கிக்கொண்டே வருவதால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர் இங்கே ரப்பரும் புகையுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் பின்சக்கரத்தில் ஏறத்தாழ 816 கிலோ. இதே காரின் ஈர்ப்பு மையத்தை 50 சென்டிமீட்டருக்கு இறக்கிக் கணக்கிட்டால் 740தான் வருகிறது. இருபது சென்டிமீட்டர் உயர்த்தியதில் பத்து சதவீதம் கூடுதல் பிடிப்பு. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

பத்து சதவீதம் எதற்கு ஆகும்? முதல் 18 மீட்டரைக் கடப்பதில் பத்தில் ஒரு வினாடி மிச்சமாகும். பந்தய முடிவில் இந்தக் கார்கள் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. அந்த வேகத்தில் பத்தில் ஒரு வினாடி என்பது ஆறு மீட்டர், ஒரு முழுக் காரின் நீளத்துக்கும் அதிகம்.

ஒரு தவறான விளக்கத்தையும் இங்கே திருத்திவிடுகிறேன். மூக்கு உயர்ந்திருப்பதால் எடை சரிந்து பின்னால் போய்விடுகிறது, தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தது போல என்று பலர் சொல்வார்கள். முன்பக்கத்தைப் பத்து சென்டிமீட்டர் தூக்கினால் கார் சாய்வது இரண்டு பாகைக்குச் சற்று மேல்தான். அதனால் பின்னுக்குப் போகும் எடை நூற்றில் ஒரு பங்கு. சாய்வு வெறும் தோற்றம், வேலை செய்வது உயரம்.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். உயர்ந்த மூக்கின் அடியில் காற்று புகுந்தது. வேகம் கூடக் கூட, ஏற்கெனவே இலேசாக இருந்த முன்சக்கரம் மேலும் இலேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. நேரான அச்சுக்கும் குட்டையான உடலுக்கும் நடுவே டக் குக் போன்றவர்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார்கள்.

பிறகு டயர் மாறியது. 1960களின் நடுவில் மென்மையான ரப்பரும், கிளம்பும்போது பக்கச் சுவர் சுருங்கி மடியும் அகலமான, வரிப்பள்ளமில்லாத மொழுக்கை டயர்களும் வந்தன. ஓட்டத்துக்கு முன் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றி ரப்பரைப் பிசுபிசுப்பாக்கும் வழக்கமும் பரவியது. ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமிழ்ந்து ஒட்டிப் பிடிக்கும் பொருள் என்பதால் அதன் உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டலாம். நம் கணக்கில் குணகத்தை 2 என்று போட்டுப் பாருங்கள். வட்டி சுருங்குவதற்குள் முன்சக்கரத்தின் எடை முழுவதும் பின்னுக்கு வந்துவிடும், கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். அதற்கு மேல் மாற்றுவதற்கு முன்னால் எதுவும் மிச்சமில்லை. உயரம் அன்றோடு பயனற்றுப் போயிற்று. மான்ட்கோமரி 1967இல் தம் பழைய வில்லீஸை விட்டுவிட்டுத் தாழ்வான ஃபோர்டு மஸ்டாங் உடலோடு வந்தார். மற்றவர்களும் தாழ்ந்தார்கள்.

இந்தக் கதையில் என் மனத்தைத் தொடுவது, கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் பட்டறைக்காரர்கள் என்பது. தடத்தில் ஓடுவார்கள், நேரத்தைக் குறிப்பார்கள், ஒன்றை மட்டும் மாற்றுவார்கள், மீண்டும் ஓடுவார்கள். ஒரு சோதனைக்கு ஒரு மாறி என்ற ஆய்வு நெறியை அவர்கள் கிரீஸ் படிந்த கையால் கடைப்பிடித்தார்கள். பச்சை வண்ணக் கார் ஆகாது, தடத்தருகே வேர்க்கடலை தின்னக் கூடாது என்ற நம்பிக்கைகள் அமெரிக்கப் பந்தயக்காரர்களிடமும் உண்டு. புது வண்டியின் சக்கரத்தடியில் நாம் எலுமிச்சம்பழம் வைப்பதில்லையா, அதுபோல. ஆனால் நேரங்காட்டும் கடிகாரத்தின் முன் எந்த நம்பிக்கையும் நிற்கவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பழைய எஞ்சினைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உடைத்தாலும் திட்டு வாங்காத ஒரு பட்டறையும், உடைந்ததை மாற்றக் கொஞ்சம் பணமும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். ஆய்வு நிதி என்றால் கோடிகளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஸ்விண்ட்லரை ரெவெல் நிறுவனம் ஒட்டி விளையாடும் மாதிரியாக வெளியிட்டது. அதை ஒட்டிய சிறுவர்கள் பெரியவர்களாகி, இன்று அமெரிக்காவில் பழைய விதிகளின்படி கேஸர்களைக் கட்டி, அதே உயரத்தில் ஓட்டுகிறார்கள். மூக்கைத் தூக்கிக் கிளம்பி, கியர் மாற்றும்போது தொப்பென்று இறங்கும் அந்தக் காட்சிக்காகவே கூட்டம் வருகிறது.

இன்றைய அதிவேக நேர்கோட்டுப் பந்தயக் கார்களைப் பார்த்தால் கேஸரின் கணக்கு அப்படியே திருப்பிப் போடப்பட்டிருக்கும். அச்சிடைத் தூரம் 7.6 மீட்டர், உடல் தரையை உரசுவது போலத் தாழ்வு, மூக்கு எழாமலிருக்க முன்னால் இறக்கை, எழுந்தால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் சிறு சக்கரங்கள். ஈரோட்டுக் குழந்தையிடம் அவள் அப்பா இப்படிச் சொல்லலாம்: உன் கார் எட்டிப் பார்ப்பது அதன் பின்சக்கரம் தரையை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதற்காக. நம்பவில்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் ஏறி, சன்னலைப் பார்த்தபடி நின்று பாருங்கள். அவளுடைய கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.